பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

வாசகி ஒருவரின் கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். போட்டிகளில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் கண்ணில் படும் போட்டிகளில் பல நுழைவுக் கட்டணம் கேட்கின்றன. எனக்கெனத் தனி வருமானம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் கட்டணம் செலுத்த இயலாது. கட்டணமே இல்லை என்று அறிவித்திருந்த ஒரு போட்டிக்குச் சென்ற மாதம் ஒரு கதை அனுப்பினேன். கதை தொகுப்பு நூலுக்குத் தேர்வாகிவிட்டது என்றும், 10 பிரதிகளுக்கு முன்பணம் கட்டினால்தான் அச்சேறும் என்றும் இப்போது சொல்கிறார்கள். இது முறையா? உண்மையிலேயே இலவசமான போட்டிகளை எப்படித் தேடுவது? இலவசப் போட்டி என்றாலே தரம் குறைந்தது என்று என் தோழி சொல்கிறாரே, அது சரியா? முகநூலில் ஏற்கெனவே பதிவிட்ட கதைகளை அனுப்பலாமா?

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் கேள்விகளில் ஒன்று, நாள் கடந்தால் இழப்பைத் தரக்கூடியது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 10 பிரதிகளுக்கான பணத்தை அனுப்ப வேண்டாம். ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தவர்தான் அதை அச்சிடும் செலவையும் ஏற்க வேண்டும். எழுதியவருக்கு ஒரு பிரதியாவது விலையின்றித் தருவது பதிப்புலகில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பணம் கட்டியவரின் கதை அச்சேறும், கட்டாதவரின் கதை விடுபடும் என்றால், அங்கே தேர்வு செய்வது நடுவர் அல்லர், பணம்தான். கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், அதை எந்த வடிவிலும் வெளியிட உங்கள் சம்மதம் இல்லை என்றும் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். போட்டி அறிவிப்பில் இருந்த விதிமுறைகளையும் இன்னொரு முறை படித்து, உரிமை தொடர்பாக எதற்கேனும் நீங்கள் அறியாமல் சம்மதித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டுள்ள நாடுகளில், ஒரு படைப்பின் பதிப்புரிமை எந்தப் பதிவும் இல்லாமலே எழுதியவருக்கு உரியதாகிறது. அதை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் எழுதிக் கொடுக்காத வரையில் கதை உங்களுடையதே.

நடந்ததற்காக நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. எழுத்தை எவராவது மதித்துப் பாராட்டமாட்டார்களா என்று காத்திருக்கும் மனத்தைக் குறிவைத்து அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. உலகின் பல மொழிகளில் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஆங்கிலத்தில் இதை வெளிப்படுத்துவதற்காகவே ஒருவர், எதை அனுப்பினாலும் பாராட்டிவிட்டு நூலை விற்கும் போட்டி ஒன்றுக்கு, பொருளே இல்லாத ஒலிகளைக் கோத்து ஒரு கவிதையை வெர்கிள் ஃப்ளாம்ப் என்ற பொய்ப்பெயரில் எழுதி அனுப்பினார். அந்தப் பெயரையே தாங்கி, வின்னிங் ரைட்டர்ஸ் என்ற அமைப்பு நகைச்சுவைக் கவிதைகளுக்கான போட்டி ஒன்றைக் கட்டணமின்றி ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. போலிப் போட்டியை அம்பலப்படுத்த எழுதிய கவிதையின் பெயரில் ஒரு நேர்மையான இலவசப் போட்டி பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். பதிப்பாசிரியராகவும், பல போட்டிகளில் முதற்கட்ட வாசகராகவும், சிலவற்றில் நடுவராகவும் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியதில் நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. எந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்தாலும், பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அறக்கட்டளையோ, பதிப்பகமோ, இதழோ, மறைந்த ஒருவரின் குடும்பமோ அந்தப் பணத்தைத் தருகிறது என்றால், பங்கேற்பவரிடம் கேட்க வேண்டிய தேவை அமைப்பாளருக்கு எழுவதில்லை. போட்டி இயல்பாகவே இலவசமாக இருக்கும். பங்கேற்பவர்களின் கட்டணத்திலிருந்து பரிசு வருகிறது என்றால் அது கட்டணப் போட்டி. அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நடத்துவதில் குற்றம் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதே தெரியவில்லை, ஆனால் நுழைவு மட்டும் இலவசம் என்றால், அந்தப் பணம் பிறகு உங்களிடமிருந்துதான் வரப்போகிறது என்று எச்சரிக்கையாக இருங்கள். தொகுப்பு நூல் விற்பனை, சான்றிதழுக்கான கட்டணம், பரிசளிப்பு விழாவுக்கான பதிவுக் கட்டணம், திருத்தித் தருவதாகச் சொல்லிக் கேட்கும் தொகை என்று அது பல உருவங்களில் வரும்.

உங்கள் தோழி சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு போட்டியின் தரத்தை நுழைவுக் கட்டணம் தீர்மானிப்பதில்லை. நடுவர்கள் யார், முந்தைய ஆண்டுகளில் பரிசு பெற்ற படைப்புகள் எப்படிப்பட்டவை என்பவைதான் தீர்மானிக்கின்றன. அவரிடம் காட்ட ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசு உலக அளவில் மதிக்கப்படும் பரிசுகளில் ஒன்று. 2012 முதல் இப்போதைய வடிவில் காமன்வெல்த் அறக்கட்டளை நடத்திவரும் இந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களில் 18 வயது நிறைந்த எவரும், முன்பு எங்கும் வெளிவராத, 2,000 முதல் 5,000 சொற்கள் கொண்ட ஒரு கதையை அனுப்பலாம். ஐந்து வட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 2,500 பவுண்டும், அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் ஒருவருக்கு மொத்தம் 5,000 பவுண்டும் பரிசு. எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது, ஆங்கிலத்தில் மட்டுமன்றி, ஏற்றுக்கொள்ளப்படும் வேறு சில மொழிகளிலும் கதையை மூலமொழியிலேயே அனுப்பலாம் என்பதும், அம்மொழிகளில் தமிழும் ஒன்று என்பதும்தான். வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கதைகளைப் பெறுகிறார்கள். 2024-ஆம் ஆண்டுக்கான போட்டிக்கு 7,000-க்கும் மேற்பட்ட கதைகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மலைத்துவிடாமல் அனுப்புங்கள். ஆனால் ஆண்டு முழுவதும் அதன் முடிவுக்காகக் காத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

நீங்கள் வயதைக் குறிப்பிடவில்லை. உங்கள் வீட்டில் எழுத ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கான வாய்ப்புகள் பெரியவர்களுக்கு உள்ளவற்றைவிடத் தாராளமானவை. 1883-இல் தொடங்கிய அரசியின் காமன்வெல்த் கட்டுரைப் போட்டி 18 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஜப்பானின் கோய் அமைதி அறக்கட்டளை நடத்தும் பன்னாட்டுக் கட்டுரைப் போட்டியில் 25 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் கவிதை எழுதும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபாய்ல் இளங்கவிஞர் விருது இருக்கிறது. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.

இத்தகைய பெரிய போட்டிகளை அறிந்துகொள்வது எளிது. பெயர் தெரிந்தால் போதும். சிறிய போட்டிகளைக் கண்டுபிடிப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது, நீங்கள் வெல்லக்கூடியவையும் பெரும்பாலும் அவையே. அங்கே மேற்சொன்ன கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டுத் தேடுங்கள். போட்டிகளைத் தேடாதீர்கள், பரிசுக்குப் பணம் தரக்கூடியவர்களைத் தேடுங்கள். வெள்ளி விழாவோ பொன்விழாவோ கொண்டாடவிருக்கும் இதழ்கள், நூற்றாண்டு வரவிருக்கும் எழுத்தாளர்களின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைகள், புதிய எழுத்தாளர்களைத் தேடும் பதிப்பகங்கள், பல்கலைக்கழகங்களின் மொழித் துறைகள், நூலகங்கள், வானொலிகள், புலம்பெயர்ந்த தமிழர்களின் சங்கங்கள், சுற்றுச்சூழல், உடல்நலம், மனித உரிமை ஆகியவற்றில் பணிபுரியும் அமைப்புகள் ஆகியோரே பெரும்பாலான இலவசப் போட்டிகளை நடத்துகிறார்கள். தமிழில் ‘நினைவுச் சிறுகதைப் போட்டி’ என்பது ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. தாயின் நினைவாகவோ, மறைந்த நண்பரின் நினைவாகவோ ஒரு குடும்பம் தொகை ஒன்றை ஒதுக்கி, ஓர் இதழின் துணையுடன் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகள் அவை. எனக்கு அவற்றின்மீது தனி மதிப்பு உண்டு. லாப நோக்கம் இல்லாமல், நல்ல கதை ஒன்று அந்தப் பெயரோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற விருப்பத்தில் நடத்தப்படுவதால், அங்கே கதைகள் பொறுமையாகப் படிக்கப்படுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

இவர்களில் 30 அல்லது 40 பேரின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அவர்களின் வலைத்தளத்தையும் சமூக ஊடகப் பக்கத்தையும் பின்தொடருங்கள். தேடுபொறி இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. தமிழில் போட்டி அறிவிப்புகள் பல எழுத்து வடிவில் வெளிவருவதில்லை. வண்ணச் சுவரொட்டியைப் போன்ற ஒரு படமாகவே வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் சுற்றி வருகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்துகள் தேடலில் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே அறிவிப்பவரின் பக்கத்தில் நேரடியாகப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அந்தப் படங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. பலவற்றில் நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. சென்ற ஆண்டு முடிந்துபோன போட்டியின் அறிவிப்பு இந்த ஆண்டும் அதே மாதத்தில் மீண்டும் பகிரப்பட்டு, கதை எழுதி அனுப்பியவர்களை ஏமாற்றும். யாரோ பகிர்ந்த படத்தை மட்டும் நம்பி எழுத உட்காராமல், அமைப்பாளரின் பக்கத்தில் அதே அறிவிப்பு இந்த ஆண்டுத் தேதியுடன் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேடுபொறியையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் தமிழில் தேடுவதற்கென்று சில பழக்கங்கள் தேவை. ‘சிறுகதைப் போட்டி’ என்று ஒற்றுடன் எழுதுபவர்களும், ஒற்று இல்லாமல் ‘சிறுகதை போட்டி’ என்று எழுதுபவர்களும், இரண்டு சொற்களையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுபவர்களும் இருப்பதால், மூன்று வடிவங்களிலும் தேடிப் பாருங்கள். வேறுவேறு முடிவுகள் வருவதைக் காண்பீர்கள். ‘போட்டி’ என்ற சொல்லே இல்லாமல் ‘படைப்புகள் வரவேற்கப்படுகின்றன’, ‘கதைகள் அனுப்பலாம்’, ‘நினைவுப் பரிசு’ என்று வரும் அறிவிப்புகளும் உண்டு. தேடல் முடிவுகளைக் கடந்த ஒரு மாதத்துக்குள் வந்தவை என்று சுருக்கிக்கொண்டால் பழைய குப்பை பெருமளவு ஒதுங்கிவிடும். கூகுள் அலர்ட்ஸ் சேவையில் இதே சொற்களைக் கொடுத்து வைத்தால், அவை இடம்பெறும் புதிய பக்கங்களைப் பற்றி மின்னஞ்சல் வந்து சேரும். அதற்கும் கட்டணம் இல்லை.

ஆங்கிலத்திலும் எழுதக்கூடியவர் என்றால், போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் இதழின் வலைத்தளத்தில் உள்ள போட்டிப் பட்டியலில் நுழைவுக் கட்டணம் இல்லாதவற்றை மட்டும் பிரித்துக் காண முடியும். ஒரு போட்டியின் நேர்மையில் ஐயம் எழுந்தால், 1998 முதல் எழுத்தாளர்களை ஏமாற்றும் ஏற்பாடுகளை அம்பலப்படுத்தி வரும் ரைட்டர் பிவேர் தளத்தில் அதன் பெயர் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். தம் நூல்களைத் தாமே வெளியிடும் எழுத்தாளர்களின் கூட்டமைப்பான ALLi என்ற அமைப்பும் போட்டிகளையும் விருதுகளையும் ஆராய்ந்து, பரிந்துரைக்கத் தக்கவை எவை, எச்சரிக்கை தேவைப்படுபவை எவை என்று தரப்படுத்தி வெளியிடுகிறது. தமிழ்ப் போட்டிகளுக்கு அந்தச் சோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு முடிவுகள் வெளியிடப்பட்டனவா, பரிசு பெற்றவர்களின் பெயரும் கதையின் தலைப்பும் பொதுவெளியில் இருக்கின்றனவா, நடுவர்கள் யார் என்று சொல்லப்பட்டதா என்று தேடுங்கள். முடிந்தால் பரிசு பெற்ற ஒருவரைத் தொடர்புகொண்டு, தொகை கைக்கு வந்ததா என்றே கேட்டுவிடலாம். எழுதுபவர்கள் இப்படிப்பட்ட கேள்விக்கு மனம்விட்டுப் பதில் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கட்டணம் இல்லாவிட்டாலும் விலை கொடுக்க நேரும் இடம் ஒன்று இருக்கிறது. அது உரிமை பற்றிய விதி. அறிவிப்பின் கடைசியில், சிறிய எழுத்தில், பெரும்பாலோர் படிக்காமல் கடந்துபோகும் வரி அது. ‘பரிசு பெற்ற கதைகளை இதழிலும் தொகுப்பு நூலிலும் வெளியிடும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு’ என்றிருந்தால் அது நியாயமானது. பரிசு கொடுப்பவர் அந்தக் கதையை முதலில் வெளியிட விரும்புவது இயல்பே. ‘போட்டிக்கு வரும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் அமைப்பாளரையே சாரும்’ என்றிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். பரிசு பெறாத கதைக்கு ஒரு காசும் தராமல், அதைத் தொகுப்பாகவோ, ஒலிநூலாகவோ, குறும்படமாகவோ அவர்கள் ஆக்கிக்கொள்ளலாம். நீங்கள் அதை வேறு எங்கும் வெளியிட முடியாமலும் போகலாம். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் உள்ள வேறுபாடு இரண்டொரு சொற்கள்தான். நான் பார்த்த வருத்தமான நேர்வுகளில் பல, அந்தச் சொற்களைக் கவனிக்காததால் நேர்ந்தவை. எதுவுமே சொல்லப்படாமல் இருந்தால், பரிசு பெறாத கதைகளின் உரிமை எழுதியவரிடமே இருக்கும்தானே என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்மையான அமைப்பாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

வாசகர் வாக்குகளால் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் போட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டணம் கேட்கமாட்டார்கள், ஆனால் உறவினர்களையும் நண்பர்களையும் ஒரு செயலியில் கணக்குத் தொடங்க வைக்கும் வேலையை உங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பலருடைய பாராட்டு கிடைக்கும் என்பதற்காகக் கலந்துகொள்வது உங்கள் விருப்பம். எழுத்தின் தரத்தை அறிந்துகொள்ள அது உதவாது.

கட்டணம் கேட்கும் எல்லாரையும் போலிகள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. படிப்பவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் சிறு தொகை வாங்கும் நல்ல இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் சில, பொருள் வசதி குறைந்தவர்களுக்கென்று கட்டண விலக்குடன் இடங்களை ஒதுக்குகின்றன. விதிமுறைகளில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள்.

முகநூலில் பதிவிட்ட கதைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘இதற்குமுன் அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும்’ என்பது ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் இருக்கும் விதி. முகநூல், வலைப்பூ, வாசிப்புச் செயலி, வாட்ஸ்அப் குழு ஆகியவற்றில் பகிர்ந்ததையும் வெளியீடாகக் கருதும் போட்டிகள் பல. பதிவை நீக்கிவிட்டு அனுப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியில் ‘இதுவரை எங்கும் வெளிவரவில்லை’ என்று இருக்கும்போது, அது உண்மையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியான கதைகளை ஏற்கும் போட்டிகளும், வெளிவந்த நூல்களுக்கான பரிசுகளும் இருக்கின்றன. அந்தக் கதைகளை அவற்றுக்கென்று ஒதுக்கி வையுங்கள். இனி எழுதுபவற்றில் நல்லவை என்று உங்களுக்கே தோன்றுபவற்றை உடனே பதிவிடாமல், ஓராண்டாவது கையில் வைத்திருங்கள். முதல் வெளியீடு என்பது ஒரு கதைக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்; அதைச் சில விருப்பக் குறிகளுக்காகச் செலவழித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதே உறுதிமொழியில் ‘வேறு எந்தப் போட்டியின் பரிசீலனையிலும் இல்லை’ என்ற வரியும் தமிழ்ப் போட்டிகளில் வழக்கமாக இருக்கும். ஆகவே ஒரு கதையை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும். முடிவு வெளியாகும் தேதியைச் சொல்லாத போட்டிக்குக் கதையைக் கொடுப்பது அதைக் காலவரையின்றிச் சிறை வைப்பதாகிவிடும் என்பதால், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுப்புங்கள். கதையின் பெயர், அனுப்பிய இடம், நாள், முடிவு வர வேண்டிய நாள் ஆகிய நான்கையும் அதே நோட்டில் எழுதி வைத்தால், எந்தக் கதை விடுதலையாகி இருக்கிறது என்பது எப்போதும் தெரியும். சொன்ன நாள் கடந்து இரண்டு மாதங்கள் ஆகியும் முடிவு வராவிட்டால், விலக்கிக்கொள்வதாக எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம்.

அனுப்பும் முறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெயர் தெரியாமல் நடுவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக, கதை இருக்கும் பக்கங்களில் எழுதியவரின் பெயர் இருக்கக்கூடாது என்று பல போட்டிகள் கேட்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதற்கட்ட வாசகராக இருந்த ஒரு போட்டியில், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஆசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருந்த ஒரு கதை வந்தது. அந்த ஆண்டு வந்தவற்றில் நான் மிகவும் விரும்பிய கதை அது. விதி எல்லாருக்கும் ஒன்றே என்பதால் அதை விலக்க வேண்டியதாயிற்று. இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது. பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டாலும், வேர்ட் கோப்பின் பண்புகள் பகுதியில் ஆசிரியர் பெயர் தங்கியிருக்கக்கூடும். கோப்பின் பெயரிலும் இருக்கக்கூடும். இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொன்னால் பழைய எழுத்துருவில் அனுப்பாதீர்கள். அமைப்பாளரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் உங்கள் கதை வெறும் குறிகளாகவே திறக்கும். சொல் வரம்பு இருந்தால், தமிழில் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கணிசமாக மாறும் என்பதை நினைவில் வைத்து, வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் சற்றுக் குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவின் துணையின்றி எழுதியது என்ற உறுதியையும் இப்போது பல போட்டிகள் கேட்கின்றன. அதிலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எந்தப் போட்டியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் என் பரிந்துரை, வாசல் குறுகலாக இருக்கும் இடங்களை நாடுங்கள் என்பதே. எவரும் எதைப் பற்றியும் எழுதலாம் என்ற போட்டிக்குக் கதைகள் குவியும். குறிப்பிட்ட பொருள், குறிப்பிட்ட வயது, முதல் நூல் வெளிவராதவர்கள், அறிவியல் புனைகதை, சிறார் கதை என்று எல்லை வகுத்த போட்டிகளுக்கு வருபவை குறைவு. அந்த எல்லைக்குள் இயல்பாக வரும் கதை உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். ஆனால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அந்தப் பொருளுக்காக இரண்டே வாரங்களில் ஒரு கதையைக் கட்டி எழுப்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. அப்படி எழுதப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். பொருளுக்கு விளக்கம் சொல்லும் பாத்திரங்கள் இருக்கும், கதை இருக்காது. எழுதி முடித்து, ஆறப்போட்டு, திருத்திய கதைகள் நான்கைந்து கையில் இருக்கும்போது, போட்டி அறிவிப்புகளைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

தேடுவதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அதற்கென்று ஒரு நாளை வைத்துக்கொண்டு, நோட்டில் உள்ள பக்கங்களைப் பார்த்து, புதியவற்றின் கடைசித் தேதியை எழுதிவிட்டு மூடிவிடுங்கள்.

முதல் வேலையாக, திரும்பப் பெற்றுக்கொள்ளும் அந்தக் கதையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அது 2,000 சொற்களுக்குக் குறையாததாகவும் வேறு எங்கும் வெளிவராததாகவும் இருந்து, நீங்கள் காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமகளாகவும் இருந்தால், செப்டம்பரில் அறக்கட்டளையின் வலைத்தளத்தைத் திறந்து அந்த ஆண்டுக்குரிய விதிகளைப் படித்துவிட்டு, தமிழிலேயே அனுப்பி வையுங்கள்.